எலி ரூம்ல நான் பாத்த பசி

எங்க பக்கம் கல்யாணப் பந்தியில உடம்பு கொஞ்சம் பருமனான பையனோ பொண்ணோ உக்காந்தா போதும், அடுத்த எலையில இருக்குற யாராச்சும் ஒருத்தர் "போதும்டா, வாயக் கட்டு"ன்னு ஆரம்பிச்சிருவாங்க. சொல்றவங்க அக்கறையாத்தான் சொல்றாங்க, நான் இல்லங்கல. ஆனா பசிங்கிறத ஒரு கெட்ட பழக்கமா மட்டும் பாக்குறோம் பாருங்க, அது எனக்குப் பல வருஷமா உறுத்துது, ஏன்னா பசிய நான் கிராம் கணக்குல அளந்து பாத்தவ.

நான் திருவையாறு பக்கம். பயோகெமிஸ்ட்ரி முடிச்சிட்டு பி.எச்டி.க்காக ஒரு காலேஜ் அனிமல் ஹவுஸ்ல இருந்தேன், எலிங்களுக்குக் கொழுப்பு அதிகமான தீனி குடுத்து எடை ஏத்தி அதுல ஒரு மூலிகைச் சாறு என்ன பண்ணுதுன்னு பாக்குற வேலை. மூலிகை ரிசல்ட் பெருசா ஒண்ணும் இல்ல, அத விடுங்க. அந்த எலிங்க சாப்பிடுறதப் பாத்துப் பாத்து எனக்குப் பசியப் பத்தி இருந்த எண்ணமே மாறிருச்சு, அதத்தான் எழுதுறேன்.

எலி ராத்திரியில தான் சாப்பிடும். ரூம்ல 12 மணி நேரம் வெளிச்சம் 12 மணி நேரம் இருட்டுன்னு டைமர் வச்சிருப்போம், சாயங்காலம் பெல்லட்ட (கட்டியா அழுத்துன தீனி) எடை போட்டு கூண்டு மேல இருக்குற தட்டுல போட்டுட்டு வந்தா காலைல மிச்சத்த எடுத்து எடை போடணும். கேக்க சுலபமா இருக்கும். ஆனா எலி பெல்லட்ட ரெண்டு கையிலயும் புடிச்சிக்கிட்டு கொறிக்கும்போது பாதி தூளா கீழ கொட்டும், கீழ மெத்தையா போட்டிருக்குறது உமி, பக்கத்து ரைஸ் மில்லுலேர்ந்து மூட்டையா வாங்கி ஆட்டோகிளேவ் பண்ணி (நீராவியில கிருமி நீக்கி) போடுறது, அந்த உமிய தினமும் சல்லடையில போட்டு சலிச்சு தீனித் தூள தனியா பிரிச்சு அதையும் எடை போட்டாத்தான் எலி நெஜமா எவ்வளவு தின்னுச்சுன்னு தெரியும். இந்த வேலையில சேரப்போற ஜூனியர் பசங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இதான், சிந்துனதக் கழிக்காம எடுத்த நம்பர நம்பாதீங்க. அடுத்தது, ஒரு கூண்டுல மூணு எலி இருந்தா மொத்தத்த மூணால வகுத்து எழுதாதீங்க, ஒரு எலியே ரெண்டு பங்கு தின்னுருக்கும், முடிஞ்சா தனித்தனியா வச்சு பாருங்க, ஆனா ரொம்ப நாளு தனியா வச்சாலும் அதுங்க சோர்ந்து போயிரும், எத்திக்ஸ் கமிட்டில எழுதிக் குடுத்த நாளுக்கு மேல வைக்கக் கூடாது.

வளந்த விஸ்டார் எலி (லேப்ல வளக்குற வெள்ளெலி வகை) ஒண்ணு ஒரு நாளைக்கு சுமாரா 15லேர்ந்து 20 கிராம் திங்கும். ஆச்சரியம் என்னன்னா அது பெரும்பாலும் அப்படியே நிக்கும். யாரும் அதுக்கு அளந்து குடுக்கல, தட்டு நெறைய தீனி இருக்கு, ஆனாலும் தெனம் கிட்டத்தட்ட அதே அளவுல நிறுத்திக்கும். ஒரு நாள் பட்டினி போட்டா அடுத்த நாள் கூடுதலா தின்னு சரி பண்ணிக்கும். அதுக்கு கலோரின்னா என்னன்னு தெரியுமா, கண்ணாடியில உடம்பப் பாக்குதா? உள்ள ஏதோ ஒண்ணு கணக்கு வச்சிருக்கு, எலிக்குத் தெரியாமலே.

கொழுப்புத் தீனிக்கு நாங்க வனஸ்பதியும் தேங்கா எண்ணெயும் கலந்து குடுப்போம், இந்தியாவுல நெறைய லேப்ல இப்படித்தான், வெளிநாட்டு ரெடிமேட் தீனி வாங்க காசு கெடையாது. இந்தத் தீனியில எலி கிராம் கணக்குல கொறச்சலாத்தான் திங்கும், ஆனா ஒரு கிராம் கொழுப்புல 9 கலோரி, மாவுலயும் புரதத்துலயும் 4 தான், அதுனால தின்ன அளவு கொறஞ்சாலும் உள்ள போன கலோரி கூடிரும். முடி எல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும், தூக்கும்போது கையில தெரியும் வித்தியாசம்.

ஆனா எல்லா எலிக்கும் ஒரே மாதிரி ஏறாது. அதே தீனி, அதே ரூம், அதே வயசு, கூடப் பொறந்த எலிங்க, ஒண்ணு பந்து மாதிரி ஆகும், இன்னொண்ணு சாதாரணமா இருக்கும். இது என் கூண்டுல மட்டும் நடந்த கதை இல்ல, அமெரிக்காவுல பாரி லெவின்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஸ்ப்ராக் டாலிங்கிற இன்னொரு லேப் எலி வகைய வச்சு இதையே பல வருஷம் படிச்சிருக்காரு, ஒரே தீனியக் குடுத்தா ஏறக்குறைய பாதி எலி குண்டாகும், பாதி ஆகாது, அந்தக் குணம் குட்டிக்கும் போகும். எலிக்கு மனக்கட்டுப்பாடு ஒண்ணுக்கு அதிகம் ஒண்ணுக்குக் கம்மின்னு யாரும் சொல்ல மாட்டோம். மனுஷங்க விஷயத்துல மட்டும் ஒரே வீட்டுல ஒரே சோறு தின்னு வளந்த அண்ணன் தம்பியில குண்டா இருக்குறவன ஒழுக்கம் இல்லாதவன்னு சொல்லிடுறோம்.

அப்ப அந்தக் கணக்க வச்சிருக்குறது யாரு? மூளைக்கு அடிப்பக்கத்துல ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்னப் பகுதி. 1940ல ஹெதரிங்டனும் ரான்சனும் எலியோட ஹைப்போதலாமஸ்ல ஒரு எடத்தப் பழுதாக்குனா எலி குண்டாகுதுன்னு காட்டுனாங்க. 1951ல யேல் பல்கலைக்கழகத்துல நம்ம நாட்டுக்காரர் பி.கே. ஆனந்த், ப்ரோபெக்கோட சேந்து, அதுக்குப் பக்கவாட்டுல இருக்குற இன்னொரு எடத்தப் பழுதாக்குனா எலி சாப்பிடுறதையே நிறுத்திருதுன்னு கண்டுபுடிச்சாரு, தீனி முன்னாடியே இருக்கும், பட்டினியா கெடக்கும். அவருதான் பின்னாடி டெல்லி எய்ம்ஸ்ல ஃபிசியாலஜி துறைய உருவாக்குனவரு. நம்ம பாடப்புத்தகத்துல இவரு பேரு ஒரு வரிகூட வர மாட்டேங்குதுன்னு எனக்கு உண்மையிலயே வருத்தம்.

எனக்கு ரொம்பப் புடிச்ச பரிசோதனை டக்ளஸ் கோல்மன் பண்ணது. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஜாக்சன் லேபரட்டரின்னு ஒண்ணு, அங்க 1949ல ஒரு குண்டு சுண்டெலி வம்சம் தானா வந்துச்சு, ஓபின்னு பேரு வச்சாங்க, சாதாரண சுண்டெலியப் போல மூணு மடங்கு எடை போடும், தின்னுக்கிட்டே இருக்கும். 1960கள்ல டிபின்னு இன்னொரு குண்டு வம்சமும் கெடைச்சுது, பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். கோல்மன் என்ன பண்ணாருன்னா ரெண்டு எலிய ஆபரேஷன் பண்ணி ஒட்டி வச்சாரு, ஒண்ணோட ரத்தம் இன்னொண்ணுக்குப் போற மாதிரி. டிபியையும் சாதாரண எலியையும் சேத்தா சாதாரண எலி தின்றத விட்டுட்டு பட்டினியா செத்துப்போச்சு, டிபி பாட்டுக்குக் குண்டாகவே இருந்துச்சு. ஓபியையும் சாதாரண எலியையும் சேத்தா ஓபிக்குப் பசி கொறஞ்சு எடையும் எறங்குச்சு. கடைசியா ஓபியையும் டிபியையும் சேத்தாரு, ஓபி பட்டினியா செத்துச்சு.

இத நிதானமா யோசிச்சுப் பாருங்க. ரத்தத்துல "போதும்"னு சொல்ற ஏதோ ஒரு பொருள் இருக்கு. ஓபியால அதச் செய்ய முடியல, வெளியேர்ந்து கெடைச்சா கேட்டுக்கும். டிபி அத அளவுக்கு மேல செய்யுது, ஆனா அதுக்குக் காது கேக்கல. ஒரு ஜீன்கூடப் படிக்காம, ஒட்டி வச்ச எலியப் பாத்தே அந்த மனுஷன் இந்த முடிவுக்கு வந்துட்டாரு, அந்தக் காலத்துல நெறைய பேரு ஒத்துக்கவே இல்ல. 1994 டிசம்பர்ல ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த ஜீனப் புடிச்சாங்க, அந்தப் பொருளுக்கு லெப்டின்னு பேரு வச்சாங்க. அடுத்த வருஷமே லெப்டின வாங்குற ரிசப்டரும் கெடைச்சுது, டிபி எலியில பழுதா இருந்தது அந்த ரிசப்டர்தான். கோல்மன் சொன்னது அப்படியே சரி.

லெப்டின் செய்யுறது கொழுப்பு செல்லு, கேக்குறது மூளை. நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா மேட்டூர் நீர்மட்டம் மாதிரி. தெனம் எத்தன அடின்னு பாத்துத்தான் ஜூன் 12 தெறக்கலாமா வேணாமான்னு முடிவாகும். அணை ததும்பிக் கெடக்கும்போது மானி மட்டும் பூஜ்யம்னு காட்டுனா என்ன பண்ணுவாங்க, ஒரு சொட்டு கூட விடாம மதக அடைச்சு இன்னும் தேக்கத்தான் பாப்பாங்க. உடம்பு நெறையக் கொழுப்பு இருந்தும் மூளைக்கு "ஒண்ணும் இல்ல"ன்னு சேதி போனா அது பஞ்சம்னு நெனச்சு தின்னச் சொல்லும், செலவையும் சுருக்கும்.

மூளைக்குள்ள அப்புறம் என்ன நடக்குதுன்னா, ஹைப்போதலாமஸ்ல ஒரே எடத்துல ரெண்டு வகை நியூரான், அதாவது நரம்பு செல்லு, பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஒரு வகை ஏஜிஆர்பின்னு ஒரு புரதத்த விடும், அது "தின்னு" கட்சி. இன்னொரு வகை பிஓஎம்சிங்கிற புரதத்த வெட்டி வர்ற துண்ட விடும், அது "போதும்" கட்சி. ரெண்டும் போய் மோதுறது எம்சி4ஆர்ங்கிற ஒரே ரிசப்டர்ல. லெப்டின் வந்தா முதல் கட்சி அடங்கும், ரெண்டாவது எழும்பும். 1997ல சுண்டெலியில எம்சி4ஆர் ஜீன எடுத்துட்டுப் பாத்தாங்க, நெறைய தின்னு குண்டாச்சு. 1998ல மனுஷங்ககிட்டயும் அந்த ஜீன்ல பழுது இருந்து சின்ன வயசுலயே குண்டாகுறவங்களக் கண்டுபுடிச்சாங்க. பிடிஎன்எஃப்னு இன்னொரு மூளைப் புரதம், நியூரான் வளர்றதுக்கு வேணுங்கிறது, அதோட ஜீன் ரெண்டு பிரதியில ஒண்ணு போனாலே சுண்டெலி அதிகமா தின்னு எடை போடும்.

ஏஜிஆர்பி நியூரானப் பத்தி ரெண்டு விஷயம் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. 2005ல வளந்த சுண்டெலியில இந்த நியூரான மட்டும் அழிச்சாங்க, எலி தின்றதையே விட்டுருச்சு. 2011ல மூளைக்குள்ள வெளிச்சம் விட்டு இந்த நியூரான மட்டும் தூண்டிப் பாத்தாங்க, வயிறு நெறஞ்ச சுண்டெலி கூட சில நிமிஷத்துல தின்ன ஆரம்பிச்சிருச்சு. விளக்கு எரிஞ்சாத் தின்னும், அணைச்சா விட்டுரும். அந்த எலிகிட்ட போய் நீங்க என்ன புத்தி சொல்ல முடியும்?

வயக்காட்டு எலியப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். தாளடி அறுப்பு சமயத்துல வரப்ப வெட்டுனா வயல் எலி வளைக்குள்ள கதிர்க்கதிரா அடுக்கி வச்சிருக்கும், தஞ்சாவூர் கிட்டி (மூங்கில் எலிப்பொறி) வைக்கிறவங்க எலியோட சேத்து அந்தக் கதிரையும் எடுத்துக்குவாங்க, சின்னப் புள்ளையில நாங்க பாத்துக்கிட்டு நிப்போம். "அதுக்கு எதுக்கு இவ்வளவு"ன்னு எங்க அப்பா சொல்லுவாரு. பின்னாடிதான் படிச்சேன், சைபீரிய ஹாம்ஸ்டர்னு ஒரு கொறிணி, அது மூளையில ஏஜிஆர்பி செலுத்துனா தின்றதவிட சேத்து வைக்கிறதத்தான் ரொம்ப அதிகமாக்குது. ஒரே புரதம் ஒரு உயிரத் தின்ன வைக்குது, இன்னொண்ண சேத்து வைக்கவும் வைக்குது.

ஒரு குழப்பத்தயும் இங்கயே தீத்துடுறேன், "புரதம்"னதும் பருப்பு, முட்டை, டப்பா பவுடர்னு நெனச்சிடுவாங்க. மூளையில இருக்குற இந்தப் புரதமெல்லாம் ஒடம்பு தன் ஜீன் பிரகாரம் தானே செய்யுறது, ஏதோ ஒரு பவுடரக் குடிச்சு கூட்டவோ கொறைக்கவோ முடியாது. அப்படி விக்க வந்தா வாங்காதீங்க.

இப்ப எங்க வீட்டு விஷயத்துக்கு வரேன். என் சித்தி பையன், எனக்குத் தம்பி முறை. அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், பேரு மட்டும் வேணாம்னான். அவனுக்கு மனநலப் பிரச்சினைக்கு ஓலான்சபின் மாத்திரை ஆரம்பிச்சாங்க, நோய் நல்லா அடங்குச்சு, தூங்குனான், பேசுனான், வேலைக்குப் போனான். ஆனா சில மாசத்துலயே எடை கிடுகிடுன்னு ஏறிருச்சு. ராத்திரி எந்திரிச்சு பானையில தண்ணி ஊத்தி வச்ச சோத்த அப்படியே எடுத்துத் தின்னுட்டு இருப்பான். சித்தி அடுப்படியப் பூட்ட ஆரம்பிச்சிட்டாங்க. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் ஆளாளுக்கு அறிவுரை, அவன் வெளிய வர்றதையே கொறச்சிக்கிட்டான்.

நான் போயிருந்தப்ப திண்ணையில உக்காந்து மெதுவா சொன்னான், "அக்கா, வயிறு ரொம்பிருச்சுன்னு எனக்கே தெரியுது, ஆனா நிறுத்தணும்னு தோண மாட்டேங்குது." எனக்கு அந்த வெளக்கு எலிதான் ஞாபகம் வந்துச்சு.

இந்த மாத்திரைய எலிக்குக் குடுத்தா என்ன ஆகும்னு உலகம் பூரா பாத்திருக்காங்க, எங்க பக்கத்து லேப்லயே ஒருத்தங்க பண்ணாங்க. பெண் எலிக்கு பசி கூடி எடை நல்லா ஏறும், ஆண் எலிக்கு அவ்வளவா ஏறாது, மனுஷங்கள்ல ரெண்டு பேருக்குமே ஏறும். காரணம், இந்த மாத்திரை மூளையில பல ரிசப்டர அடைக்குது, அதுல ஹிஸ்டமின் ரிசப்டர் ஒண்ணு, செரடோனின் 2சி ரிசப்டர் ஒண்ணு, ரெண்டுமே பசிய அடக்குற பக்கம். 1995லயே 2சி ரிசப்டர் இல்லாத சுண்டெலிய உருவாக்கிப் பாத்திருக்காங்க, அது அதிகமா தின்னு எடை போட்டுச்சு. ஆக தம்பியோட பசி மாத்திரை கொண்டு வந்த பசி, நெசமான பசி.

இதெல்லாம் சித்திகிட்ட சொன்னேன். அவங்க ஒடனே கேட்டது, "அப்ப அந்த மாத்திரைய நிறுத்திடலாமாடி?" இந்த எடத்துலதான் எல்லாரும் கவனமா இருக்கணும். கூடவே கூடாது. திடீர்னு நிறுத்துனா நோய் திரும்பி வரும், போன தடவைய விட மோசமா வரலாம். எடைய டாக்டர்கிட்ட ஒரு புகாரா எடுத்துட்டுப் போகணும், அவ்வளவுதான். நாங்க போனோம். டாக்டர் கோவிச்சுக்கல, மெட்ஃபார்மின்னு ஒரு சுகர் மாத்திரையச் சேத்துக் குடுத்தாரு, எடை இதுக்கும் அடங்கலன்னா வேற மருந்துக்கு மெதுவா மாத்தலாம்னாரு. சில வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு இதுக்கும் இதே கதைதான், சோடியம் வால்ப்ரோயேட் எடை ஏத்துறது ரொம்ப சகஜம், அதையும் தானா நிறுத்தவே கூடாது, ஃபிட்ஸ் வந்துரும்.

வீட்டுல என்ன மாத்துனோம்னா, மொதல்ல அடுப்படிப் பூட்ட எடுக்கச் சொன்னேன். சித்திக்கு மனசே இல்ல. அமெரிக்காவுல ரெபெக்கா கார்வின்னு ஒருத்தங்க பண்ண எலி வேலையச் சொன்னேன், எலிக்கு சாதாரணத் தீனி எப்பவும் இருக்கும், அதுக்கு மேல நம்ம வனஸ்பதி மாதிரியான கொழுப்பக் கொஞ்ச நேரம் குடுப்பாங்க. தெனமும் குடுத்த எலியவிட வாரத்துல மூணு நாள் மட்டும் குடுத்த எலி, கெடைக்குற அந்தக் கொஞ்ச நேரத்துல வெறி புடிச்ச மாதிரி தின்னுச்சு, பட்டினி போடாமலே. பூட்டிப் பூட்டித் தெறந்தா இதான் நடக்கும். அதுக்குப் பதிலா மிக்சர், முறுக்கு, க்ரீம் பிஸ்கட், கலர் பாட்டிலு இதெல்லாம் வீட்டுக்கு வாங்கியே வர்றதில்லன்னு வச்சுக்கிட்டாங்க, அவனுக்காகன்னு சொல்லாம எல்லாருக்குமே. இருக்குற சாப்பாடு எதுவும் பூட்டு கெடையாது. ராத்திரி பசிக்குதுன்னா தின்ன ஏதாச்சும் இருக்கணும், அதுனால அவிச்ச கொண்டக்கடலை, முட்டை, மோரு, வெள்ளரிக்கா எடுத்து வச்சிருவாங்க.

சோறு இல்லாம நம்ம ஊர்ல ஆகாது, நானும் அதச் சொல்லல. ஆனா வரிசைய மாத்தலாம், மொதல்ல கூட்டு, பொரியல், மீனோ முட்டையோ தின்னுட்டு அப்புறம் சோத்துக்கு வந்தா சோறு தானா கொறையுது. சோத்த சட்டியோட முன்னாடி வைக்காம தட்டுல போட்டு எடுத்துட்டு வரணும். சாயங்காலம் வாய்க்கா கரையில நடக்க ஆரம்பிச்சான், கூட சித்தப்பா போனாரு, தனியா போகச் சொல்லியிருந்தா போயிருக்க மாட்டான்.

தூக்கத்த யாரும் கணக்குலயே எடுக்குறதில்ல. 2004ல சிகாகோவுல ஆரோக்கியமான இளைஞர்கள ரெண்டு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்தாங்க, லெப்டின் 18 சதவீதம் கொறஞ்சுது, வயித்துல சுரக்குற பசி ஹார்மோன் கிரெலின் 28 சதவீதம் கூடுச்சு. நைட் ஷிஃப்ட் போற பசங்க, அறுப்பு சீசன்ல கொள்முதல் நிலையத்துல மூட்டைக்குக் காவலா ராத்திரி பூரா முழிச்சிக் கெடக்குறவங்க, அடுத்த நாள் ஏன் அப்படிப் பசிக்குதுன்னு இதுலேர்ந்து புரியும்.

ஒரேயடியாப் பட்டினி கெடந்து எடைய எறக்குறதும் எனக்குச் சம்மதம் இல்ல. கொழுப்பு கொறைய கொறைய லெப்டின் விழும், மூளை பஞ்சம்னு எடுத்துக்கும், பசிய ஏத்தும். 2011ல வந்த ஆஸ்திரேலிய ஆய்வுல எடை கொறைச்சு ஒரு வருஷம் ஆனப்புறமும் இந்தப் பசி ஹார்மோன் எல்லாம் பழைய நெலைக்குத் திரும்பல. எறக்குன எடைய வச்சுக்கவே முடியலன்னு சொல்றவங்க ஏமாத்தல. கொஞ்சமா, ரொம்ப நாளு புடிக்கிற மாதிரி எறக்குறவங்கதான் நான் பாத்த வரைக்கும் நிக்கிறாங்க.

அப்ப லெப்டின ஊசியா போட்டா? எல்லாரும் 1994ல அதத்தான் எதிர்பாத்தாங்க. லெப்டினே பொறவியில இல்லாதவங்களுக்கு அது உசுரக் குடுக்குற மருந்து. 1997ல இங்கிலாந்துல பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்துல ரெண்டு புள்ளைங்களக் கண்டுபுடிச்சாங்க, 8 வயசுப் பொண்ணு 86 கிலோ. லெப்டின் ஊசி ஆரம்பிச்சதும் அந்தப் பசி அடங்கி எடை எறங்குச்சு. ஆனா இது ரொம்ப அபூர்வம். சாதாரணமா குண்டா இருக்குறவங்களுக்கு லெப்டின் ஏற்கெனவே நெறைய இருக்கு, டிபி எலி மாதிரி மூளை சரியா கேக்குறதில்ல, ஊசி போட்டும் பெருசா பலன் இல்ல. எலியில, கொழுப்புத் தீனி குடுத்து 3 நாளுக்குள்ள, எடை ஏறுறதுக்கு முன்னாடியே, ஹைப்போதலாமஸ்ல அழற்சி ஆரம்பிக்குதுன்னு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, கேக்காமப் போறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு பாக்குறாங்க.

உங்க வீட்டுல ஒரு குழந்த ஒரு வயசு ரெண்டு வயசுலயே அடங்காத பசியோட, எடுத்து வைக்கலன்னா அழுது பொரண்டு, எடை கண்ணு மண்ணு தெரியாம ஏறுதுன்னா "கொழு கொழுன்னு இருக்கு"ன்னு விட்டுறாதீங்க, சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க இன்னும் கவனமா இருங்க, இந்த ஜீன் பழுதுல பல வகை அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தாத்தான் வெளிய தெரியும். ஹார்மோன் டாக்டர்கிட்ட காட்டணும். பிஓஎம்சி, லெப்டின் ரிசப்டர் பழுதுக்கு 2020ல செட்மெலனோடைடுன்னு ஒரு மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி குடுத்திருக்காங்க, அது நேரா எம்சி4ஆர்ல போய் வேலை செய்யுது. எலியில ஆரம்பிச்ச படிப்பு அங்க வந்து நிக்குது.

இப்ப எல்லாரும் கேக்குற எடை கொறைக்கிற ஊசி வேற, ஜிஎல்பி-1ங்கிற குடல் ஹார்மோன் மாதிரி வேலை செய்யுற வகை. 2025ல மௌஞ்சாரோவும் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தப்புறம் கும்பகோணத்துல கூட மெடிக்கல்ல போய் வெல கேக்குறாங்க. அதுவும் மூளையில பசிய அடக்கித்தான் வேலை செய்யுது, 1996லயே எலி மூளையில ஜிஎல்பி-1 செலுத்தி பசி அடங்குறதக் காட்டிட்டாங்க. நல்ல மருந்துதான், வேணுங்கிறவங்களுக்கு. ஆனா டாக்டர் பாக்காம போடாதீங்க. எலியில இது தைராய்டு கட்டி உண்டாக்குச்சு, எலியோட தைராய்டுல அந்த ரிசப்டர் நம்மளவிட ரொம்ப அதிகம், அதுனால மனுஷனுக்கு அப்படியே வரும்னு அர்த்தம் இல்ல, ஆனாலும் குடும்பத்துல மெடுல்லரி தைராய்டு கேன்சர் இருந்தவங்களுக்கு இது ஆகாதுன்னு எச்சரிக்கை இருக்கு, அத டாக்டர்கிட்ட நீங்களா சொல்லுங்க. இன்னொண்ணு, செமாக்ளூடைட் (வீகோவியில இருக்குற மருந்து) ஆய்வுல நிறுத்துன ஒரு வருஷத்துல எறங்குன எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிருச்சு. கல்யாணத்துக்கு மூணு மாசம் போட்டுக்கலாம்னு ஆரம்பிக்கிறவங்க இத யோசிச்சுக்குங்க.

தம்பிக்கு இப்ப எடை ஏறுறது நின்னுருச்சு, கொஞ்சம் எறங்கியும் இருக்கு, முன்ன மாதிரி ஒல்லி ஆகல, ஆகணும்னு நாங்க யாரும் சொல்றதும் இல்ல. இதே மாதிரி மாத்திரை உங்க வீட்டுல யாருக்காச்சும் ஆரம்பிச்சா, மொத மாத்திரை போடுறதுக்கு முன்னாடியே எடை, இடுப்புச் சுத்தளவு, பிரஷர், வெறும் வயித்துல சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் எடுத்து ஒரு நோட்டுல எழுதி வைங்க. அப்புறம் 4வது வாரம், 8வது வாரம், 12வது வாரம் எடை பாருங்க, 12வது வாரம் சுகரும் கொலஸ்ட்ராலும் திரும்ப எடுங்க. மொத மாசத்துலயே ரெண்டு மூணு கிலோ ஏறிருச்சுன்னா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம நோட்ட எடுத்துட்டுப் போய் காட்டுங்க.